குறைந்த காசில் வேட்டை வில்: புதியதா, பாவித்ததா?

2024 யூன் 9 – ஒரு வாசகரின் கேள்வி

நான் சுன்னாகத்தில் இருக்கிறேன், வயது 23. அடுத்த ஆண்டு ஒன்ராறியோவில் உள்ள அக்காவிடம் போகவிருக்கிறேன். அத்தான் அங்கே ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர். என்னையும் கூட்டிச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வரும்போது ஒரு வில்லைக் கொண்டுவரச் சொல்லி, இங்கேயே பழகத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். கையில் 70,000 ரூபாய்தான் இருக்கிறது. பாவித்த கொம்பவுண்ட் வில் ஒன்று அங்கே 300 டொலருக்குக் கிடைக்கிறதாம். அதே காசுக்குப் புதிதாக வாங்குவதென்றால் கழற்றிப் பூட்டும் சாதாரண வில்தான் கிடைக்கும். விலை உயர்ந்த வில் பழையதாக இருந்தாலும் மலிவான புது வில்லை விடத் திறமாகத்தானே இருக்கும், அண்ணை?

2024 யூன் 9, இரவு

கடைசி வாக்கியத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, தம்பி. சுன்னாகத்தில் இருந்துகொண்டு பழகப்போகும் உமக்கு அந்தக் கணக்குச் சரிவராது.

கொம்பவுண்ட் வில்லின் இரு முனைகளிலும் உள்ள கேம் என்னும் சில்லுகளே அதன் உயிர். நாணை இழுத்து முடிக்கும் தறுவாயில் அவை சுழன்று பாரத்தைத் தாங்கிக்கொள்கின்றன; 80 வீதம் பாரம் குறையும் அமைப்பாக இருந்தால், இழுப்பதற்கு 60 இறாத்தல் பாரம் உள்ள வில்லை முழுதாக இழுத்த பின்னர் 12 இறாத்தல் பாரத்தை மட்டும் தாங்கி நின்று குறிபார்க்கலாம். ஆனால் எவ்வளவு நீளத்துக்கு இழுக்கலாம் என்பதையும் அந்தச் சில்லுகளே தீர்மானிக்கின்றன. ஆறடி உயரமான ஒருவருக்கு 30 அங்குலத்தில் அமைத்த வில்லை அவரைவிடக் கட்டையான ஒருவர் எடுத்தால், நாண் முகத்தைத் தாண்டிப் போகும், கை நடுங்கும், அம்பு ஒரே இடத்தில் படாது. அதை மாற்றியமைக்கச் சில வில்களில் ஓர் ஆணியைக் கழற்றிப் பூட்டினால் போதும், வேறு சிலவற்றில் சில்லையே மாற்ற வேண்டும்.

நாணும், சில்லுகளை இணைக்கும் கேபிள் என்னும் கயிறுகளும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை. பெரும்பாலான கொம்பவுண்ட் வில்களில், அவற்றை மாற்றுவதற்கு வில்லை நெரித்துத் தளர்த்திப் பிடிக்கும் பிரஸ் என்னும் கருவி வேண்டும். அந்தக் கருவியை யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலும் நான் கண்டதில்லை. 2019 இல் எனக்கு வந்து சேர்ந்த கொம்பவுண்ட் வில்லின் கேபிளில் நூல் சிலும்பத் தொடங்கிய நாளிலிருந்து 14 மாதம் அது அலுமாரிக்கு மேலே கிடந்தது. கடைசியில் கனடாவுக்குத் திரும்பிய உறவினர் ஒருவரிடமே கொடுத்தனுப்பினேன்.

2024 யூன் 10

அப்படியானால் பாவித்தது எதுவுமே கூடாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடும். ஆனால் கழற்றிப் பூட்டும் வில்லை ஒரே சாமானாகப் பார்க்காமல் மூன்று சாமானாகப் பார்க்க வேண்டும். கைபிடிக்கும் நடுத்தண்டு ஒன்று, அதன் மேலும் கீழும் பூட்டும் லிம்ப் இரண்டு, பிறகு நாண். நடுத்தண்டு பாவித்ததாக இருந்தால் குறையில்லை. லிம்பைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. நாண் எப்போதும் புதிதாகவே இருக்க வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2021 இல் கொக்குவிலில் ஒருவர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளிடம் போகவிருந்தார். அவரிடம் 45 இறாத்தல் வில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். நான் போனபோது பொழுதுபட்டுவிட்டது. விறாந்தை மின்குமிழின் மங்கிய வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மினுங்கிக்கொண்டு இருந்தது. மூன்றாவது கிழமை நாணை இழுக்கும்போது, காய்ந்த ஈர்க்கு முறிவது போல ஒரு சிறு சத்தம் கேட்டது. அன்றைக்கே நிறுத்திவிட்டு, ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து லிம்பின் ஓரமாக மெதுவாக நீவிக்கொண்டு போனேன். கீழ் லிம்பின் நுனியில் இருந்து நாலு விரற்கிடை மேலே பஞ்சின் ஓர் இழை பிடிபட்டு நின்றது. விரலால் தடவினால் தெரியவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. பஞ்சு பிடிபட்ட இடத்தில் ரோச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தபோதுதான் மயிரிழை போன்ற வெடிப்புத் தெரிந்தது.

விற்றவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். பேரப்பிள்ளைகள் அம்பு இல்லாமல் நாணை இழுத்து இழுத்து விட்டு விளையாடுவார்கள் என்று ஒளிக்காமற் சொன்னார். அது வில்லுக்குத் தீங்கு என்பது அவருக்குத் தெரியாது. அம்பு இருந்தால், இழுத்த வில்லில் சேர்ந்திருக்கும் விசையின் பெரும்பகுதியை அம்பு கொண்டு போய்விடும். வெறும் நாணை விட்டால் அவ்வளவும் திரும்பி லிம்புகளையே தாக்கும். ஆகவே பாவித்த வில்லை வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, வெறும் நாணை யாரேனும் இழுத்து விட்டிருக்கிறார்களா என்பதுதான்.

பகல் வெளிச்சத்தில் போங்கள். பஞ்சைச் சட்டைப்பையில் கொண்டு போங்கள். நாணேற்றிய வில்லை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, நாண் இரண்டு லிம்பின் நடுவாலும் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் லிம்ப் முறுகியிருக்கிறது. காலை இடையில் விட்டு வில்லை வளைத்து நாணேற்றும் பழக்கம் உள்ளவர்களின் வில்லில் இந்த முறுகல் மிகுதியாக வரும். அதற்கென்று உள்ள நாணேற்றும் கயிற்றைப் பாவிப்பவரா என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

2024 யூன் 12

இங்கேயே காட்டுக்கு வில்லோடு வேட்டைக்குப் போகலாமா என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டதற்கு இங்கே விடை சொல்கிறேன். 1937 ஆம் ஆண்டின் விலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. மானுக்கும் மரைக்கும் உடும்புக்கும் வில்லோடு போவது குற்றம். வன்னிக் காட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று எழுதியவருக்கு இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இங்கே நான் எழுதுவது இலக்குப் பலகைக்கு எய்து பழகுவதைப் பற்றியும், வேட்டைக்குச் சட்டம் இடங்கொடுக்கும் ஒன்ராறியோவுக்குப் போகவிருக்கும் ஒரு தம்பியைப் பற்றியும்தான். அங்கேயும் வேட்டைக் கல்விப் பாடநெறியைப் படித்துத் தேர்வில் சித்தியடைந்து, அட்டையும் அனுமதிப்பத்திரமும் எடுத்த பிறகே காட்டுக்குள் கால் வைக்கலாம்.

2024 யூன் 15

இழுநீளத்தை, அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுப்பீர் என்பதை, அளப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர், தம்பி. சுவரோடு ஒட்டி நின்று கைகள் இரண்டையும் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனிவரை அளந்து, அதை 2.5 ஆல் வகுத்தால் இழுநீளம் ஏறக்குறையக் கிடைக்கும். உமக்கு 170 சென்ரிமீற்றர் என்று எழுதியிருக்கிறீர். 68 சென்ரிமீற்றர் வருகிறது, அதாவது 26¾ அங்குலம்.

வில்லில் எழுதியிருக்கும் இறாத்தல் உம்முடைய இறாத்தல் அல்ல. அது 28 அங்குலத்துக்கு இழுக்கும்போது உள்ள பாரம். அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 2 முதல் 3 இறாத்தல் வரை கூடும். குறைய இழுத்தால் அதே அளவு குறையும். எனக்குக் கை நீளம். கொக்குவில் வில்லில் 45 என்று எழுதியிருந்தது. பயணப்பெட்டி நிறுக்கும் கொளுக்கித் தராசை நாணில் கொளுவி, என் இழுநீளமான 29½ அங்குலத்துக்கு இழுத்துப் பார்த்தபோது 22 கிலோ காட்டியது. அது 48½ இறாத்தல். தோள்மூட்டு ஏன் இரவில் நொந்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. வெளிநாட்டில் உறவுள்ள வீடு எதிலும் அந்தத் தராசு ஒன்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் வில் 30 இறாத்தலுக்கு மேல் வேண்டாம். 62 அங்குல நீளமான சமிக் சேஜ் போன்ற வில்களுக்கு 25 இலிருந்து 60 இறாத்தல் வரை ஐந்து ஐந்தாகக் கூடும் லிம்புகள் உண்டு, நடுத்தண்டு ஒன்றே. 30 இல் ஆறு மாதம் பழகிய பிறகு 40 இறாத்தல் லிம்பை வாங்கிப் பூட்டினால் அதுவே வேட்டை வில்.

2024 யூன் 16, காலை

நேற்றைய குறிப்பின் கடைசி வரி பிழை, திருத்துகிறேன். ஒன்ராறியோச் சட்டப்படி, மான் வேட்டைக்குக் கொண்டுபோகும் வில்லின் பாரம் 700 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த இழுநீளத்தில் குறைந்தது 18 கிலோ, அதாவது 39.7 இறாத்தல் இருக்க வேண்டும். மூஸ் என்னும் பெரிய மானுக்கும் கரடிக்கும் 22 கிலோ. 700 மில்லிமீற்றர் என்பது 27.6 அங்குலம். 28 அங்குலத்தில் 40 காட்டும் வில் அந்த இடத்தில் 39 தான் காட்டும். உம்முடைய 26¾ அங்குலத்தில் 37 அளவில் நிற்கும். லிம்பில் 40 என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் அளவுக்கு அது எட்டாது. 45 இறாத்தல் லிம்ப் என்றால் உம்முடைய கையில் ஏறக்குறைய 42 வரும். இரவு படுத்த பிறகுதான் இந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது.

2024 யூன் 23

எல்லோரும் வில்லையே கேட்கிறார்கள். அம்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், 70,000 ரூபாயில் கால்வாசியை அம்புக்கு ஒதுக்கிவிட்டுத்தான் வில்லின் விலையைப் பார்க்க வேண்டும்.

அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போது அதன் தண்டு மீன் நெளிவது போல நெளிந்துதான் போகும். எவ்வளவு நெளிய வேண்டும் என்பதை வில்லின் பாரமும் அம்பின் நீளமும் முனையின் நிறையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த வளைமையை ஸ்பைன் என்பார்கள். 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்த தண்டின் நடுவில் 1.94 இறாத்தல் பாரத்தைத் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் தொய்கிறதோ, அதை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதே தண்டில் அச்சடித்திருக்கும் இலக்கம். அரை அங்குலம் தொய்ந்தால் 500. ஆகவே இலக்கம் கூடக்கூடத் தண்டு இளக்கம். விறைத்த தண்டை இளகிய வில்லில் வைத்தால், வலக்கைக்காரரின் அம்பு இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருக்கும். நான் ஆறு மாதம் என் கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிழை கையில் இல்லை. யாரோ மிச்சம் வைத்துப்போன நாலு வகை அம்புகளைக் கலந்து எய்துகொண்டிருந்தேன். ஒரே வகையில் ஆறு அம்பு புதிதாக வந்த அன்று, 15 யாரில் ஐந்து அம்பு ஒரு தோசைக்கல் அகலத்துக்குள் போய் விழுந்தன.

பாவித்த காபன் அம்பை இலவசமாகத் தந்தாலும் இரு முனையிலும் பிடித்து, முகத்துக்கு அப்பால் மெதுவாக வளைத்து, உருட்டி உருட்டிக் காதால் கேளுங்கள். நொறுநொறு என்ற சத்தம் இம்மியளவு கேட்டாலும் முறித்து எறிந்துவிடுங்கள். வெடித்த காபன் தண்டு நாண் தள்ளும் வேகத்தில் சிதறினால், அதன் சிம்புகள் நேரே வில்லைப் பிடித்த கைக்குள்ளேதான் ஏறும்.

2024 யூலை 2

ஸ்காபரோவில் இருந்து ஒருவர் நீண்ட மறுப்பு எழுதியிருக்கிறார். பாவித்த கொம்பவுண்ட் வில்லைப் போலக் காசுக்குப் பெறுமதியான சாமான் வேறு இல்லை என்றும், நான் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டேன் என்றும் அவர் சொல்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். அவர் வாழும் இடத்துக்கு அவர் சொல்வது சரி. பிரஸ் உள்ள கடைக்கு ஒருவர் வில்லோடு போய், அங்கேயே சில்லையும் அச்சையும் பார்க்கச் சொல்லி, நாணையும் கேபிளையும் மாற்றி, தன் இழுநீளத்துக்கு அமைத்துக்கொண்டு வரலாம் என்றால், மூன்று நாலு ஆண்டு பழைய வில்லை வாங்குவதில் தவறே இல்லை. புதிய நாண்தொகுதியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் போதும். லிம்ப் வெடித்தால் மாற்றித்தரும் உத்தரவாதம் பெரும்பாலான நிறுவனங்களில் முதல் உரிமையாளருக்கு மட்டுமே என்பதையும் மறக்கக்கூடாது.

அவர் சொன்ன இன்னொன்றும் பயனுள்ளது. டயமண்ட் இன்ஃபினிற் எட்ஜ் புரோ போன்ற சில வில்கள் 5 இலிருந்து 70 இறாத்தல் வரையும், 13 இலிருந்து 31 அங்குலம் வரையும் பிரஸ் இல்லாமலே மாற்றியமைக்கக்கூடியவை. பழையவர் கட்டையோ நெட்டையோ, உமக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் நாண் தேய்ந்தால் மாற்றுவதற்கு ஒரு கடை வேண்டும். அந்த இடத்தில் சுன்னாகம் மீண்டும் கைவிட்டுவிடும்.

ஆகவே 45 இறாத்தல் லிம்ப் வாங்கச் சொன்னதையும் இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இங்கே 30 இறாத்தலில் பழகும். அங்கே போன பிறகு அத்தானையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து, 45 லிம்பா பாவித்த கொம்பவுண்டா என்று அப்போது முடிவு செய்யும். வேட்டை வில்லை இங்கிருந்தே வாங்கி வைக்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

2024 யூலை 5

பழைய ஒற்றை மர வில்லின் படத்தை அனுப்பியவருக்கு: அதற்கு ஃபாஸ்ட் ஃபிளைட் வகை நாணைப் போடாதீர்கள். அது இழுபடாத நாண். அடியெல்லாம் வில்லின் நுனியில் இறங்கும். நுனிக்கு வலுவூட்டாத பழைய வில்லில் அந்த இடமே பிளந்துவிடும். சற்று இழுபட்டுக்கொடுக்கும் டாக்ரோன் நாணே அதற்குப் பொருத்தம்.

2024 யூலை 14

எங்கே வைத்து எய்வது என்று தம்பி கேட்டிருக்கிறார். வளவின் நீளத்தைப் பார்க்க முதல், இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாரும். கிடுகு வேலியும் கிளுவங் கதியாலும் அம்பை நிறுத்தா. சீமெந்துக் கல் மதில் இருந்தால் அதற்கு முன்னால் இலக்கை வையும். இல்லாவிட்டால் மண்ணை அணைத்து மேடு போட வேண்டும். இலக்கைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஓர் உரப்பைக்குள் பழைய சாரத்தையும் சீலைத் துண்டுகளையும் இறுக்கி இறுக்கி அடைத்து, வாயைத் தைத்துவிட்டால், 30 இறாத்தல் அம்பை அது மெத்தென்று பிடித்துக்கொள்ளும். பொத்தானும் சிப்பும் உள்ள உடுப்பைப் போட வேண்டாம். அம்பு முனை அதில் பட்டுத் தெறிக்கும். அடைக்கும்போது இடைவெளி விடாமல் முழங்காலால் அமத்தி அடைக்க வேண்டும். என் முதலாவது பை நடுவில் தொய்ந்துபோய், அம்பு அதைத் துளைத்துப் பின் மதிலில் முட்டி முனை மழுங்கியது.

இப்போது சோளகம் வீசுகிறது. பகலில் எய்து அம்பு சரிந்தால் உம்முடைய கையைக் குற்றம் சொல்லாதேயும். காலை ஏழு மணிக்கு முன்னர் காற்று அடங்கியிருக்கும். அந்த ஒரு மணித்தியாலமே போதும்.

வில்லை வாகனத்துக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ மத்தியான வெயிலில் விட்டுவிட வேண்டாம். மரத்தையும் கண்ணாடியிழையையும் பசையால் ஒட்டித்தான் லிம்ப் செய்கிறார்கள். சூட்டில் அந்தப் பசை இளகி அடுக்குகள் பிரியும். எய்து முடிந்தால் நாணை இறக்கிவிட்டு, இரண்டு ஆணியில் படுக்கையாக வையும். சுவரோடு சாத்தி வைத்தால் கீழ் லிம்ப் முறுகும். பருத்தித்துறைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றையும் நினைக்க வேண்டும்: லிம்பைப் பூட்டும் ஆணிகளுக்கு மாதம் ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் துருவேறி நடுத்தண்டோடு பிடித்துக்கொள்ளும். பாவித்த நடுத்தண்டை வாங்கும்போது அந்த ஆணியை நீங்களே ஒருமுறை முழுதாகக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள்.

2024 யூலை 21

வில்லும் அம்பும் பொருட்பெட்டியில்தான் வர வேண்டும். விமானத்துக்குள் கையோடு கொண்டுவர விடமாட்டார்கள். அத்தான் புறப்பட முன்னரே இலங்கைச் சுங்கத்திடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலை அச்சடித்துப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லும். வீட்டுக்கு வந்ததும் விதானையாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அயலில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. வில்லைத் திறந்தபடி மோட்டார் சைக்கிளில் கொண்டு திரிய வேண்டாம்.

2024 ஓகஸ்ட் 25

வில் வந்துவிட்டது. நேற்றுக் காலை தம்பி அதைச் சீலையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அத்தானும் கூட வந்தார். பாவித்த நடுத்தண்டு 55 டொலர், புதிய 30 இறாத்தல் லிம்ப் 85, நாண் 18, நாணேற்றும் கயிறு 14, ஒரே வகை அம்பு ஆறு 69, கையுறையும் முன்கைக் காப்பும் 30. மொத்தம் 271 டொலர். இன்றைய மாற்று விலையில் 60,000 ரூபாய் அளவில் வருகிறது.

முற்றத்து மாமர நிழலுக்கு வெளியே, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். நடுத்தண்டின் கைபிடியில் பழையவரின் கை பட்டு மினுக்கம் ஏறியிருந்தது. வேறு குறை இல்லை. மேல் ஆணி இலேசாகக் கழன்றது. கீழ் ஆணி கழல மறுத்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து திருப்பினோம், வந்தது. புது லிம்ப்தானே என்று அத்தான் சொன்னாலும் பஞ்சால் நீவினேன். எங்கும் பிடிபடவில்லை. நாணேற்றிய பின் கைபிடியிலிருந்து நாண் வரை 7¾ அங்குல இடைவெளி. இந்த நீள வில்லுக்கு 7½ இலிருந்து 8¼ வரை இருக்கலாம். தராசைக் கொளுவித் தம்பியின் இழுநீளத்துக்கு இழுத்தபோது 12.2 கிலோ காட்டியது. 27 இறாத்தல்.

அத்தான் மட்டும் கொஞ்சம் மனம் குறைப்பட்டார். 27 இறாத்தலில் என்ன வேட்டை என்று கேட்டார். எட்டு மாதத்தில் தம்பியை 45 ஐ இழுத்துக் காட்டச் சொல்லி அவரே கேட்கலாம் என்று சொன்னேன். தம்பி எய்த முதல் ஆறு அம்பில் இரண்டு பையில் ஏறின, நாலு மதிலடி மணலில் விழுந்தன. ஆறையும் எடுத்து, வளைத்து, உருட்டி, காதில் வைத்துக் கேட்டோம். ஒன்றில் சத்தம் கேட்டது; அதை முறித்துவிட்டோம்.

2024 செப்ரெம்பர் 8

இரண்டு பேர் கேட்டதால் சொல்கிறேன்: மிச்சமான 10,000 ரூபாயைத் தம்பி இன்னும் மூன்று அம்புக்கு வைத்திருக்கிறார். அதே இலக்கம், அதே நீளம், அதே முனை நிறை என்று எழுதி அத்தானிடம் கொடுத்து அனுப்பியாயிற்று.